அந்த அறுபத்து நாலு நல்ல மார்க்குதான், அக்கா

எந்த ஃபாரத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்த என் அக்காவுக்கு,

செல்வம் எழுதுகிறேன். சிரிக்காதே. கடைக்குத் தோசை சாப்பிட வந்தவர்கள், தமிழ்ச் சங்க மலரில் ஒரு பக்கம் தருகிறோம், அக்காவைப் பற்றி எழுதுங்கள் மாஸ்டர் என்றார்கள். அக்காவைப் பற்றி எழுத எனக்கு வராது, அக்காவுக்கு வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றேன். பிழைகளைத் தமிழ்ப் பள்ளி டீச்சர் திருத்துவாராம். நான் எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்து, அதோடு எழுந்து வந்தவன் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நீ போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீடு அப்படியே இருக்கிறது. உன் கறிவேப்பிலைத் தொட்டியைக் குளிருக்கு உள்ளே எடுத்து வைத்து, போன வாரம்தான் வெளியே வைத்தேன். நான் இன்னும் பேஸ்மென்டில்தான் படுக்கிறேன். மேலே ஒரு அறை சும்மாதானே கிடக்கிறது என்று கேட்கிறார்கள். அது சும்மா கிடக்கிறது என்று யார் சொன்னது?

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மூன்று மாதமாக நெஞ்சில் கிடக்கிறது. உன் மகள் மீனுவின் மார்க் விஷயம். அதை ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்கே பிடிபடும்.

அவள் ஹிஸ்டரி படிக்க இங்கிலாந்துக்குப் போகிறேன் என்றபோது, அந்த ஊர்ப் படிப்பு எப்படி என்று நீதான் உட்கார்ந்து கற்றுக்கொண்டாய். லேபில் வேலை முடிந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் டைனிங் டேபிளில் லேப்டாப்பைத் திறப்பாய். எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எனக்கும் பாடம் நடக்கும்.

"ஏலே, இங்க அமெரிக்காவுலன்னா ரெண்டு வருஷம் எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டு அப்புறம் மேஜர் எடுக்கலாம். அங்க அப்ளிகேஷன்லயே என்ன படிக்கப் போறன்னு சொல்லிரணும். மூணே வருஷம். வேற எதையும் திரும்பிப் பாக்கப்பிடாது."

"அப்ப இங்க பஃபே. அங்க அளவுச் சாப்பாடு."

"உனக்கு எல்லாமே சோறுதாம்ல."

அப்புறம் கண்டிஷனல் ஆஃபர் என்று ஒன்று வந்தது. சீட் உண்டு, ஆனால் மே மாதப் பரீட்சையில் இவ்வளவு எடுத்தால்தான் உண்டு. "பொண்ணு பிடிச்சிருக்கு, ஆனா கல்யாணத்தை அப்புறம் சொல்லுதோம்கான்" என்றேன் நான். நீ டேபிளில் தலையை வைத்துச் சிரித்தாய். மீனு மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "வாட்ஸ் ஃபன்னி?" என்றாள். அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற பிள்ளை அங்கே போனால் வெளிநாட்டு மாணவி, அவளுக்கும் விசா வேண்டும் என்று தெரிந்தபோது அதற்கும் ஒரு தடவை சிரித்தாய். "நாம பட்ட பாட்டை அவளும் கொஞ்சம் படட்டும்."

எல்லாவற்றையும் நீ கற்றுக்கொண்டாய், அக்கா. ஒன்றைத் தவிர. உள்ளே போன பிறகு அங்கே மார்க் எப்படிப் போடுவார்கள் என்பதை நீ பார்க்கவில்லை. பார்க்க நேரம் கொடுக்காமல் அந்த நோய் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அந்தப் பிற்பகல் உனக்கு நினைவிருக்கிறதா? நான் கொண்டுவந்த ரசத்தை நீ தொடாமல் வைத்திருந்தாய். மீனு கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, ஃபர்ஸ்ட் எஸ்ஸே மார்க் வந்துருச்சு. சிக்ஸ்டி ஃபோர்."

பள்ளிக்கூடம் முழுக்கத் தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்காத பிள்ளை. இந்த ஊரில் அறுபத்து நாலு என்றால் வீட்டுக்குக் கடிதம் வரும். நீ குரலைச் சரி செய்துகொண்டு, "பரவால்ல கண்ணு. அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றாய். "ஓகேம்மா" என்று வைத்துவிட்டாள்.

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாய். "என்னாலதாம்ல. நான் இப்படிக் கெடக்கேன்லா, பிள்ளைக்குப் படிப்பு ஓடல."

"நான் எட்டாங்கிளாஸ்ல எடுத்ததுக்கு மூணு மடங்குக்கா இது" என்றேன். நீ சிரிக்கவில்லை. என் வாயிலிருந்து வந்த எந்தக் கேலிக்கும் நீ சிரிக்காமல் இருந்ததில்லை. அடுத்த மாதம் நீ போய்விட்டாய்.

மீனு வந்து காரியமெல்லாம் முடிந்து திரும்பிப் போனாள். அந்த வருஷப் பரீட்சையை எழுதாமல் விட்டதற்கு அங்கே ஒரு ஃபாரம் உண்டு. என்ன காரணம், அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். அம்மா இறந்ததற்கு ஆதாரம். உன் சர்டிபிகேட்டை நான்தான் ஸ்கேன் பண்ணி அனுப்பினேன், கோணலாக. பென்சில் குறி போட ஆளில்லை. அவர்கள் மரியாதையாகத்தான் பதில் போட்டார்கள். ஆகஸ்டில் முதல் தடவை எழுதுவது போலவே எழுதலாம் என்றார்கள். எழுதினாள், பாஸ் ஆனாள், இரண்டாம் வருஷம் போனாள்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

இந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, மதியக் கூட்டம் வருவதற்கு முன்னால் கூப்பிட்டாள். நான் கடையில் தோசைக்கல்லைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன்.

"மாமா, சிக்ஸ்டி எய்ட் வாங்கிட்டேன்."

நம் வாய்தான் சும்மா இருக்காதே. "அறுபத்தெட்டா? உங்கம்மா இருந்தா இன்னிக்கு உன்னை வாசல்லயே நிக்க வச்சிருப்பா."

"ஓகே மாமா" என்று வைத்துவிட்டாள்.

அதே ஓகே. எனக்கு அப்போது உறைக்கவில்லை. தோசை தீய்ந்துவிடுமே என்று திரும்பிவிட்டேன்.

மூன்று வாரம் போன் இல்லை. அப்புறம் ஒரு மெசேஜ். எனக்கு இந்தப் படிப்பு சரியாக வரவில்லை மாமா, நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று இருக்கிறேன் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாள். மூன்று தடவை படித்தேன். இங்கிலீஷ் புரியாமல் இல்லை.

பஷீர் பாய் சனிக்கிழமைதோறும் நம் கடைக்கு வருவாரே, ஆனியன் ரவா மொறுமொறுவென்று வேண்டும் என்று கல் பக்கத்திலேயே வந்து நிற்பாரே. அவர் அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் படித்தவர். அவரிடம் கேட்டேன்.

"பாய், படிப்பைப் பாதில விட்டுட்டு வந்தா அப்புறம் திரும்பிப் போகலாமா?"

"காலேஜ் ஒத்துக்கிட்டா லீவ் மாதிரி எடுக்கலாம் மாஸ்டர். ஆனா அவங்க விசாக்காரனுக்குச் சொல்லிருவாங்க. விசா போயிரும். திரும்பப் போகணும்னா முதல்லேர்ந்து அப்ளை பண்ணணும். ஏன், நம்ம மீனு பொண்ணா? என்னவாம்?"

"மார்க் சரியில்ல பாய். அறுபத்தெட்டுதான் வாங்கியிருக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அறுபத்தெட்டா? யோவ் மாஸ்டர், அதுக்கு நீங்க எனக்கு ஒரு ஸ்வீட் குடுக்கணும்யா. அங்க எழுபதுதான் ஃபர்ஸ்ட் கிளாஸ். ஹிஸ்டரி மாதிரி எழுதற சப்ஜெக்ட்ல எண்பது வாங்கினவனை நான் பாத்ததே இல்ல. நாப்பது எடுத்தா பாஸ்."

"நூறு?"

"நூறு போட்டா வாத்தியாருக்கே வேலை போயிரும்."

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். "அப்ப அறுபத்து நாலு?"

"அது நல்ல மார்க் மாஸ்டர். அறுபதுலேர்ந்து அறுபத்தொம்பது வரைக்கும் ஒரே கிளாஸ். வேலைக்குப் போறப்ப அந்தக் கிளாஸ்தான் கேப்பாங்க. எப்ப வாங்கினா?"

"முதல் வருஷம்."

"முதல் வருஷம்னா பெரும்பாலான இடத்துல கடைசிக் கணக்குலயே சேக்க மாட்டாங்களே. பாஸ் பண்ணினா போதும்."

அவருடைய ரவா கருகிப் போனது. இருபது வருஷத்தில் நான் அவருக்குக் கருக்கிக் கொடுத்த ஒரே தோசை அதுதான். அவர் அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

கணக்கிலேயே சேராத மார்க், அக்கா. நல்ல மார்க். அதற்காக நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் நோயால்தான் பிள்ளையின் படிப்பு கெட்டது என்று நினைத்துக்கொண்டே போனாயா? அந்தக் கடைசி மாதம் முழுக்க அதைத்தான் யோசித்தாயா? நான் அன்றைக்கே யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாய் அப்போதும் சனிக்கிழமைதோறும் வந்துகொண்டுதான் இருந்தார்.

மதியக் கூட்டம் ஓய்ந்ததும் கடைக்குப் பின்னால் காரில் உட்கார்ந்து கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம் தாண்டியிருக்கும். ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள்.

"மீனு, அறுபத்தெட்டு நல்ல மார்க்காமே. எனக்குத் தெரியாதும்மா. இந்த ஊர் மார்க்குன்னு நினைச்சிட்டேன்."

"இட்ஸ் ஓகே மாமா. நீங்க ஜோக்தானே பண்ணீங்க."

"அன்னிக்கு ஆஸ்பத்திரில சொன்ன அறுபத்து நாலும் நல்ல மார்க்காமே."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கிளாஸ்ல செகண்ட் ஹையஸ்ட் மாமா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அம்மா பரவால்லன்னாங்க. அம்மாவுக்கு சிக்ஸ்டி ஃபோர் போதலன்னு நினைச்சேன். எழுபது எதிர்பார்த்தாங்கன்னு. ஐ லெட் ஹர் டவுன்னு."

"அவளுக்குத் தெரியாது கண்ணு."

"அம்மாவுக்குத் தெரியாதா? அவங்கதானே எல்லாத்தையும் ஃபில் பண்ணாங்க. ஷீ நியூ எவ்ரிதிங்."

"உன்னை உள்ள கொண்டுபோய் விடறது வரைக்கும்தான் அவளுக்குத் தெரியும். அதுக்குமேல அவளும் என்னை மாதிரி எட்டாங்கிளாஸ்தான்."

அவள் அழுதாள். நானும்தான். காருக்கு வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த பாத்திரம் கழுவுகிற ஆள் என்னைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அப்புறம் அவள் கேட்டாள். "அன்னிக்கு நான் போனை வச்சப்புறம் அம்மா என்ன சொன்னாங்க?"

இந்த இடத்தில் உன் தம்பி ஒரு பொய் சொன்னான். "பசிக்குதுன்னு சொன்னா. ரசத்தை ஊத்துல, என் பிள்ளை படிச்சிருவான்னா." எத்தனையோ புளுகு விட்டிருக்கிறேன், எல்லாம் சிரித்துக்கொண்டே. சிரிக்காமல் சொன்னது இதுதான் முதல் தடவை. சொன்னது சரியா, அக்கா? நீ உன்மேல் போட்டுக்கொண்ட பழியைச் சொன்னால் அந்தப் பிள்ளை அதையும் தூக்கிக்கொண்டுதானே பரீட்சைக்குப் போகும்? அவளுக்குத் தமிழ் காதால் மட்டும்தான் தெரியும், எழுத்துத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இந்த மலரில் எழுதுகிறேன்.

"இனிமே உன்னைக் கிண்டலே பண்ண மாட்டேன்மா" என்றேன்.

"நோ மாமா. அம்மாவும் இல்ல, நீங்களும் சீரியஸ் ஆயிட்டா நான் யார்கிட்ட பேசறது?"

அவள் வரவில்லை, அக்கா. அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் நல்லது கெட்டது கேட்க ஒரு ட்யூட்டர் உண்டாம். மறுநாள் அவரிடம் போய் அழுதிருக்கிறாள். எதையும் நிறுத்த வேண்டாம், இரண்டு எஸ்ஸேக்கு மட்டும் கூடுதல் நாள் வாங்கிக்கொள் என்றாராம். போன வாரம் இரண்டாம் வருஷப் பரீட்சை முடிந்தது. விடைத்தாளில் பெயர் கிடையாதாம், நம்பர்தானாம். யார் பிள்ளை என்று தெரியாமலே திருத்துவார்களாம். நல்ல ஏற்பாடு. ஆனால் உன் பெயரும் அதில் எங்கேயும் வராதே என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

அடுத்த வருஷம் பட்டம் கொடுக்கும்போது வீட்டிலிருந்து இரண்டு பேர் வரலாம் என்று சொன்னாள். ஒன்று எனக்கு. இன்னொன்றை யாருக்கும் கொடுத்துவிடாதே என்று சொல்லியிருக்கிறேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

அன்றைக்கு அவள் கையில் பட்டத் தாள் வந்த பிறகு, அந்தக் காலி நாற்காலியில் அவளை உட்கார வைத்து, அன்று நீ ஜன்னலைப் பார்த்துச் சொன்னதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். நீ வருத்தப்பட்டது அவள் குறையால் இல்லை என்பதையும், உன் நோயால் அவள் படிப்பு கெடவில்லை என்பதையும் ஒரே இடத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். அதுவரை கேலி நடக்கும், அவள் கேட்டுக்கொண்டபடி. ஆனால் உங்கம்மா இருந்தால் என்று தொடங்கி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அக்கா, இது சத்தியம்.

இப்படிக்கு,
உன் மகளுக்கு மாமன், உனக்கு எப்போதும் எட்டாங்கிளாஸ் தம்பி,
செல்வம்