உனக்கு வாங்கி வந்த இளநீர்

என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடாமல், ‘டேய்’ என்ற ஒற்றைச் சொல்லிலேயே வளர்த்துவிட்ட பிரபு அண்ணாவுக்கு,

உடம்பெல்லாம் அம்மைத் தழும்போடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உனக்கு வந்த அதே அம்மை, பதினோரு மாதம் கழித்து எனக்கும் வந்து போனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை உன்னிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

நீ அம்மையில் போய்விட்டாய் என்றுதான் தெருவில் இன்றும் பேசுகிறார்கள். ஆத்தா வீட்டில் இருக்கும்போது உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோமாம், அந்தக் கோபமாம். அம்மாவும் அதையே நம்பிக்கொண்டிருந்தாள். உன்னைக் கொன்றது அம்மை மட்டும் இல்லை என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். பதினோரு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதை நீதானே எனக்குக் கற்றுக்கொடுத்தாய்?

செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்த அந்த நாள் உனக்கு நினைவிருக்கும். இரண்டு சிறுநீரகத்திலும் நீர்க்கட்டிகள், பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை, இது பரம்பரையாக வருவது என்றார் டாக்டர். அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்டார். “குடிச்சே செத்துட்டாரு சார்” என்றாய். அவருக்கும் இதுவே இருந்திருக்கலாம் என்று அவர் சொன்னதும் உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நாற்பத்தாறு வயதில் முகம் வீங்கிச் செத்தவரை ஊரே குடிகாரன் என்று சொல்லித்தான் எரித்தது. குடித்தார், உண்மைதான். ஆனால் அவர் வயிற்றுக்குள் என்ன இருந்தது என்று ஒருத்தனும் திறந்து பார்க்கவில்லையே. கூலிக்காரன் செத்தால் காரணம் தேட வேண்டியதில்லை, குடி என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் வண்டியை மாமல்லபுரத்துக்கு விட்டாய். கடற்கரையில் வறுத்த மீன் வாங்கித் தின்றுகொண்டே, ஆஸ்பத்திரியில் கொடுத்த சாப்பாட்டுத் தாளை என்னிடம் நீட்டினாய்.

“டேய், இதுல இன்னா போட்டுகீது?”

முழுக்க ஆங்கிலம். உப்புக் குறைக்கணும், வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை போடக்கூடாது என்று படித்துச் சொன்னேன்.

“இளநி கூடவா? அப்ப இன்னாதான் துன்றது, இந்த மண்ணையா?” என்று சிரித்தாய். பிறகு தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாய். “யார்கிட்டயும் சொல்லாத. காண்டிராக்டருக்குத் தெரிஞ்சா மறுநாளே கேட்ல நிறுத்திடுவான்.”

“அண்ணிகிட்டயாவது சொல்லு.”

“அவகிட்டயா? அவ அவங்கம்மாகிட்ட சொல்லுவா. கடப்பாக்கம் பூரா சுத்திட்டு, நம்ம கம்பெனி பஸ்ஸயே புடிச்சி இங்க வந்து எறங்கும்.”

நானும் சிரித்தேன். டாக்டர் கொடுத்த மாத்திரையை பிரஷர் மாத்திரை என்று மட்டும் வீட்டில் சொன்னோம். தாள் டிவி ஸ்டாண்டுக்கு அடியில் போனது. அதன்பிறகு நீ எப்போதாவது வாழைப்பழம் தின்றாய், இளநீர் குடித்தாய், ஒன்றும் ஆகவில்லை. இவர்கள் சும்மா பயமுறுத்துகிறார்கள் என்று நாம் இரண்டு பேருமே முடிவுகட்டிவிட்டோம்.

பிறகு அந்தக் காய்ச்சல். நெற்றியில் நாலு கொப்புளம் தெரிந்ததுமே அம்மா வேப்பிலையை வாசலில் செருகிவிட்டாள். அண்ணியையும் யாழினியையும் கடப்பாக்கத்துக்கு அனுப்பினோம், பிள்ளைக்குத் தொற்றக்கூடாது என்று. ஆனால் காண்டிராக்டருக்கு வேப்பிலை செல்லாது. அவன் சொல்லும் கிளினிக்கில் சான்றிதழ் வாங்கினால்தான் லீவு. அதனால் நூற்றுமூன்று டிகிரி காய்ச்சலோடு உன்னைப் பின்னால் உட்காரவைத்து நான்தான் கூட்டிப்போனேன்.

“வேற ஏதாவது வியாதி இருக்கா? தினமும் மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்று நிமிராமலே கேட்டார் அந்த டாக்டர்.

“இல்ல சார்.”

நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். அந்தக் கிளினிக்கிலிருந்து கம்பெனிக்கு எல்லாம் போகும் என்று நீ பயந்தாய், நானும் பயந்தேன். இடுப்பில் ஒரு வலி ஊசி, கையில் ஐந்து நாளுக்கு வலி மாத்திரை. இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

வீட்டில் அம்மாவின் சட்டம் உனக்குத் தெரியும். தாளிப்புக் கிடையாது, மீன் கிடையாது, வெளியாள் வரக்கூடாது. கூழ், மோர், பழம், இளநீர் மட்டும்தான். எல்லாவற்றுக்கும் மேலே, இங்கிலீஷ் மாத்திரை வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

“ஆத்தா வந்துகீறா. மாத்திர கீத்திர குடுத்துப் பாரு, கைய ஒடைப்பேன்” என்றாள் என்னிடம்.

நான்தான் படித்தவனாயிற்றே. இவளுடைய மூடநம்பிக்கைக்கு என் அண்ணன் பலியாக வேண்டுமா என்று மனதுக்குள் வீறாப்பு. அவள் கொல்லைப்பக்கம் போகிற நேரம் பார்த்து, பிரஷர் மாத்திரையையும் வலி மாத்திரையையும் சேர்த்து உனக்குக் கொடுத்தேன். தண்ணீர்ச் சொம்பை எடுத்தால் கேள்வி வரும் என்று இளநீரிலேயே விழுங்கவைத்தேன். இளநீர் வாங்கிவந்ததும் நான்தான். ரயில்வே கேட் பக்கத்துக் கடையில் தினமும் ஒரு சாக்குப் பை. அம்மா இரண்டு மணிக்கு ஒருதரம் ஊட்டினாள். நீ போதும் என்றால் விடமாட்டாள்.

“குடிறா நைனா, உள்சூடு எறங்கும்.”

நாலாம் நாள் காலையில் காலைத் தூக்க முடியவில்லை என்றாய். காய்ச்சல் அசதி என்று நினைத்தேன். மதியம் கையும் தொய்ந்தது. அம்மா தடுக்கத் தடுக்க ஆட்டோவில் ஏற்றினேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது உன் தலை என் தோளில் கனத்துப் போயிருந்தது.

அங்கே ஒரு சின்ன வயது லேடி டாக்டர். என்னைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். கண்ணெல்லாம் சிவந்து, எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லையோ. உன் ஸ்கேன் விஷயத்தை அவரிடம் சொன்னேன். என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், இளநீர் என்றதும் பேனாவை நிறுத்தினார். எத்தனை என்றார். தெரியாது என்றேன். சிறுநீரகம் கெட்டவர்கள் உடம்பில் பொட்டாசியம் தேங்கும், அந்த பிரஷர் மாத்திரை அதை வெளியே விடாது, வலி மருந்து இருக்கிற சிறுநீரகத்தையும் படுக்கவைக்கும், காய்ச்சலில் உடம்பு வற்றிக் கிடக்கும்போது அதற்கு மேல் இளநீர், கடைசியில் இதயம் நின்றுவிடும் என்று மெதுவாகச் சொன்னார்.

“ஒண்ணொண்ணா வந்திருந்தா தாங்கியிருப்பாருப்பா. எல்லாம் சேர்ந்து வந்துடுச்சு.”

“அம்மைதான் காரணம்னு எழுதுவீங்களா மேடம்?”

“அம்மையும் ஒரு காரணம்” என்றார். வெளியே அம்மா தரையில் உட்கார்ந்து, ஆத்தா என்னை மன்னிச்சுடு என்று புலம்பிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன். அந்தக் கையால்தான் உனக்கு ஊட்டினாள். அதை நான் எப்படிச் சொல்வேன்?

உன் காரியம் முடிந்த வாரம், டெங்குக் கொசு ஒழிக்கிற அம்மா ஒருத்தர் தெருவுக்கு வந்தார். நேராக நம் கொல்லைக்குப் போய், நீ குடித்துப் போட்ட இளநீர்க் காய்களைக் கம்பால் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். மழைத் தண்ணீர் கொட்டியது.

“இப்புடியா போட்டு வெப்பாங்க? ஜொரம் வந்து எவனாவது சாவப்போறான்” என்று என்னைத் திட்டினார். அவர் கவிழ்க்கக் கவிழ்க்க எண்ணிக்கொண்டு நின்றேன். பத்தொன்பது.

இப்போது என் கதை. போன மாதம் எனக்குக் காய்ச்சல், மறுநாள் கொப்புளம். வாசலில் மறுபடி வேப்பிலை. அம்மா எங்கே போனாளோ, அரை மணி நேரத்தில் வெட்டிய இளநீரைச் சொம்பில் ஊற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

எனக்கு நீர்க்கட்டி இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. அந்த லேடி டாக்டர் அன்றே என்னிடம் சொன்னார், ‘உனக்கும் பார்த்துவிடு, பாதிக்குப் பாதி வாய்ப்பு’ என்று. நான் போகவில்லை. தெரிந்தால் நானும் மறைக்க வேண்டி வரும், அதற்குத் தெரியாமலே இருந்துவிடலாம் என்று இருந்தேன். வேண்டாம் என்று சொம்பைத் தள்ளினேன்.

“இன்னாத்துக்கு வாணாம்?”

“வாய் கசக்குது.”

“கசந்தா இன்னா, குடிறா.”

திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவள் போனதும் வேப்பமரத்தடியில் ஊற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். இரண்டு மணி நேரத்தில் இன்னொரு சொம்பு வரும். அதையும் ஊற்றலாம். நாளைக்கு யாழினிக்குக் காய்ச்சல் என்றால்? அவளுக்கும் உன் ரத்தம்தானே? அப்போதும் இதே சொம்பு போகும், நான் வாயை மூடிக்கொண்டு நிற்பேன், உன் முதுகுக்குப் பின்னால் நின்றமாதிரி.

சொன்னேன் அண்ணா. ஸ்கேன், நீர்க்கட்டி, டிவி ஸ்டாண்டு அடியில் இருந்த தாள், நான் திருட்டுத்தனமாகக் கொடுத்த மாத்திரை, கடைசியில் இளநீர். எல்லாவற்றையும் சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

அம்மா அழவில்லை. சொம்பை மடியில் இறக்கி வைத்துக்கொண்டாள்.

“நெசமாலுமா?”

“ம்.”

“மாத்திர குடுக்காதன்னு சொன்னேன் இல்ல?”

“சொன்ன. குடுத்தேன்.”

அவள் சொன்ன காரணம் வேறு, டாக்டர் சொன்ன காரணம் வேறு. ஆனால் அந்த வலி மாத்திரை விஷயத்தில் அவள் பேச்சைக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சொம்பை எட்டத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள், “எத்தினி குடுத்துருப்பேன்?”

“எண்ணலம்மா.”

இந்த ஒரு பொய்யை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கஞ்சியை வைத்துவிட்டுப் போய்விடுவாள். மூன்றாம் நாள் அந்தத் தாளைக் கொண்டுவந்து என் மேல் போட்டாள். ஸ்டாண்டுக்கு அடியில் கிடந்து ஓரம் கரையான் அரித்திருந்தது.

“இத தமிழ்ல எழுது. பெருசா எழுது. கதவுல ஒட்டணும்.”

“வர்றவங்க எல்லாம் படிப்பாங்கம்மா.”

“படிக்கட்டும். ஒளிச்சி வெச்சிதான ஒரு புள்ளய வாரிக் குடுத்தேன்?”

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுவாரம் அவளே என்னை ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எனக்கும் இருக்கிறது அண்ணா. சின்னச் சின்னதாக, இரண்டு பக்கமும். ஆனால் சிறுநீரகம் இப்போதைக்கு நன்றாக வேலை செய்கிறதாம். அந்தச் சொம்பு இளநீரை நான் குடித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றார் டாக்டர். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அன்றைக்குச் சொல்லியே இருக்க வேண்டியதில்லை என்று ஒரு நொடி தோன்றியது. பிறகு யாழினியின் முகம் வந்தது. அண்ணியிடம் நானே கடப்பாக்கம் போய்ச் சொல்லிவிட்டேன். கத்தினாள், என் சட்டையைப் பிடித்தாள், “எங்கிட்ட சொல்லணும்னு ரெண்டு பேருக்குமே தோணலயா?” என்று கேட்டாள். அதற்கு நீயே பதில் சொல்லேன். பிள்ளைக்கு பிரஷர் பார்த்தாயிற்று. சரியாக இருக்கிறது. வருடா வருடம் பார்க்க வேண்டும்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. உடம்பு சரியில்லை என்பதையே குற்றம்போல மறைத்து வாழ வேண்டிய இந்தப் பிழைப்பு களைப்பாக இருக்கிறது. நோயாளியிடம் புரியாத மொழியில் தாளைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்களைப் பார்த்தால் இன்னும் கோபம் வருகிறது. கோபப்படத்தான் தெம்பு இல்லை.

வருகிற திங்கட்கிழமை எனக்கு மெடிக்கல் இருக்கிறது. காண்டிராக்ட் இல்லை, நிரந்தர வேலை. அதற்கான படிவம் என் பக்கத்திலேயே கிடக்கிறது. பரம்பரை நோய் ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி, எதிரே இரண்டு கட்டம். உன் வேலைக்கு நீ எந்தக் கட்டத்தில் குறி போட்டாய் என்று எனக்குத் தெரியும். உன்மேல் தப்பில்லை. உன் இடத்தில் நானும் அதையே செய்திருப்பேன், செய்துகொண்டும்தான் இருந்தேன்.

‘ஆம்’ என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டேன் அண்ணா. அழிக்க முடியாத பேனாவில். வேலை கொடுக்கவில்லை என்றால், ஏன் கொடுக்கவில்லை என்று அங்கேயே நின்று கேட்பேன். எந்த டாக்டர் கேட்டாலும், எந்த கேட்டில் கேட்டாலும், இனி நம் வீட்டிலிருந்து யாரும் ‘இல்ல சார்’ என்று சொல்ல மாட்டோம். யாழினிக்கும் அதைச் சொல்லியே வளர்ப்பேன்.

இளநீரில் உனக்கு மாத்திரை கொடுத்த,
உன் தம்பி
தினேஷ்