சோளத்தில் விழுந்த குங்குமம்

18-7-1958, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. சாரல் விட்டபாடில்லை. அண்ணன் மகன் ஆவுடைநாயகத்துக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு பாவூர்சத்திரம் ரோட்டுப் புஞ்சைக்குப் போனேன். சோளம் ஆள் உயரம் நிற்கிறது. இலையை விலக்கி நடந்தவள் கையைப் பார்த்தால், உள்ளங்கை முழுக்கச் சிவப்பு! தாயே உலகம்மா! இலைக்கு இலை குங்குமம். அம்மன் நம்ம புஞ்சைக்குள்ள நடந்து போயிருக்கா. வேறென்ன?

"அத்தே, இது ஏதோ சீக்கு மாதிரி இருக்கு. விவசாய ஆபீசுல கேட்டுட்டு வாரேன்" என்றான்.

"வாயக் கழுவுலே!"

சம்படத்திலிருந்த திருநீற்றைத் தாளில் கொட்டிவிட்டு, அந்தப் பொடியைத் தட்டி நிரப்பிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனேன். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா?

20-7-1958

தெருவே புஞ்சையில் இருக்கிறது. குற்றாலத்தில் குளித்த ஈரத்தோடு வந்தவர்களும் உண்டு. எல்லோரும் இலையை உருவி உருவிச் சேலையில் துடைத்துக்கொள்கிறார்கள்.

இதை எழுதாமல் தூக்கம் வராது. அவர் போன நாளிலிருந்து, எந்தக் கல்யாண வீட்டிலாவது குங்குமக் கிண்ணத்தை நான் தொட்டிருக்கிறேனா? கிண்ணம் வருவது தெரிந்தாலே நானாக எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். இன்றைக்குச் சுமங்கலிகள் என் முன்னால் கை நீட்டி நிற்கிறார்கள். ஆவுடைநாயகத்தின் பெண்டாட்டி செண்பகவல்லி, "நீங்களே வச்சு விடுங்க அத்தே" என்று நெற்றியைக் காட்டினாள். வைத்துவிட்டேன்.

பக்கத்துப் புஞ்சைக் கிதிர் முகம்மது வந்து நின்றார். "ஆச்சி, சாமி கும்பிடுங்க, வேண்டாங்கல. ஆனா கூட்டம் எஞ் சோளத்துக்குள்ள பூந்துல்லா வருது. வரப்பு வழியா வரச் சொல்லுங்களேன்."

"அம்மன் வார வழிய நீரு சொல்லுதீரோ? உமக்கு என்னவே தெரியும் அவளப் பத்தி?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கொல்லன் பலவேசத்திடம் சொல்லி இரும்புச் சூலம் ஒன்று அடித்து, புஞ்சை ஓரத்தில் நட்டாச்சு.

23-7-1958

விவசாய ஆபீசிலிருந்து ஒரு தம்பி வந்தார். ஒரு இலையைத் தேய்த்து, விரலை முகர்ந்து, "அம்மா, இது துரு நோய்" என்றார்.

"துரு இரும்புலல்லா பிடிக்கும்? சோளத்துக்குள்ள எங்கய்யா இரும்பு இருக்கு?"

அவர் சிரிக்கவில்லை. "நிறத்த வச்சு அந்தப் பேரும்மா. இலையத் திங்கிற பூஞ்சக்காளான் இது. காத்துல போகும். துணில, கையில ஒட்டிக்கிட்டும் போகும். உள்ள ஆள விட்டீங்களா?"

ஆவுடைநாயகம் என்னைப் பார்த்தான். ஏசியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்தால், செண்பகவல்லி கிணற்றடியில் நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டாள்.

25-7-1958, வெள்ளி

கோயிலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "குங்குமம் கொண்டு வரலியா?"

"தீந்துபோச்சு. அம்மன் மலையேறிட்டா."

பொய். அவள் சந்நிதியிலேயே நின்று பொய். ஏன் சொன்னேன்? நீட்டின கையை மடக்கிக்கொள்வார்களே, அதுக்காகத்தான். வேற என்ன காரணம்? இல்லை, வேற இல்லை.

2-8-1958

கிதிர் முகம்மது பெண்டாட்டி ராபியா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. முந்தானையை விரித்தாள். சோள இலைகள். அத்தனையும் சிவப்பு.

"எங்க புஞ்சையிலயும் விழுந்துட்டு ஆச்சி. நாங்க பொட்டு வைக்கிறவங்க இல்லியே. எங்களுக்கு எதுக்கு ஆச்சி இம்புட்டுக் குங்குமம்?"

கோபமாகக் கேட்கவில்லை. மெல்லத்தான் கேட்டாள். அந்தச் சோளம்தான் அவர்களுக்குச் சோறு, தட்டைதான் வண்டிமாட்டுக்குத் தீனி. இலைகளை என் வாசப்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

3-8-1958

பூஜை பண்ண உட்கார்ந்தேன். எழுந்துவிட்டேன்.

8-8-1958, வெள்ளி

சொல்லிவிட்டேன். கோயில் பிராகாரத்தில் எல்லோரும் இருக்கும்போதே. "நான் கொடுத்தது குங்குமம் இல்ல. பயிர்ல பிடிக்கிற துரு. வீட்டுல வச்சிருந்தா அடுப்புல போடுங்க, சோளத்துப் பக்கம் கொண்டு போவாதீங்க. கிதிர் முகம்மது வரப்பு வழியா வரச் சொன்னாரு, நாந்தான் எடுத்தெறிஞ்சு பேசினேன்."

பின்னாலிருந்து ஒருத்தி, "அந்தக் கையால போயி வாங்கினமே, வேற என்ன வரும்?" என்றாள்.

யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவளை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

11-8-1958

ஆவுடைநாயகம் கந்தகப் பொடி வாங்கி வந்தான். பனி காய்வதற்குள் துணிப்பையில் கட்டி இலைமேல் உதற வேண்டுமாம். முதலில் அவர்கள் புஞ்சைக்குத்தான் என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். பையோடு போய் நின்றதும் கிதிர் முகம்மது என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வரப்பு வழியா வாங்க ஆச்சி."

வரப்பு வழியாகவே போனேன்.

20-9-1958

அறுப்பு முடிந்தது. நம் புஞ்சையில் ஏதோ தேறியது. அவர்களுடையதில் பாதிக்குமேல் பதர். ஆவுடைநாயகம் நம் கதிரிலிருந்து ஒரு வண்டி அனுப்பினான். கிதிர் முகம்மது இறக்கிக்கொண்டார். ஆனால் சிரிக்கவில்லை.

மத்தியானம் தனியாகப் போய்ச் சூலத்தைப் பிடுங்கினேன். சாரலில் நனைந்து நனைந்து உரிந்து போயிருக்கிறது. அசைத்து அசைத்து எடுப்பதற்குள் உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. அதே சிவப்பு.

தட்டை பொறுக்கிக்கொண்டிருந்த ராபியா செம்பை எடுத்து வந்தாள். கையை நீட்டினேன். தண்ணீர் ஊற்றினாள்.

"இது துருதானே ஆச்சி?"

"துருதாம்மா."

கழுவினேன். நகக்கண்ணில் இருப்பது மட்டும் போகவில்லை.