வீரம்மாள் கட்டிய மஞ்சள் துணி

அனுப்புநர்:
ராசாங்கம் மகன் பூமாலை,
நடுத்தெரு, மேலக்கொல்லை,
ஆண்டிமடம் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
அரியலூர்.

பொருள்: ஏரி மரங்களை வளர்த்த வீரம்மாள் மீதான வழக்கை நீக்கக் கேட்டல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது நானே எழுதும் மனு. இதுவரை பிறர் எழுதியதில் கைநாட்டுதான் வைத்திருக்கிறேன். முதியோர் வகுப்பில் படித்து இப்போதுதான் கை ஓடுகிறது. விஷயம் துக்கமானது. ஆனாலும் எழுத எழுதச் சந்தோஷமாக இருக்கிறது. ஐயா தவறாக நினைக்கக் கூடாது.

1. எங்கள் ஏரியில் நாட்டுக் கருவேல மரங்களைக் கன்றிலிருந்து வளர்த்தவர் பக்கத்து வீட்டு வீரம்மாள். கணவரை இழந்தவர். கோடையில் முந்திரிக் கொல்லை வேலை முடிந்து வந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றுவார். நானும் சுமந்திருக்கிறேன். மரம் பெருத்ததும் கொக்கும் நாரையும் கூடு கட்டின. பறவை மிரளும் என்று வீடு வீடாகச் சொல்லி, தீபாவளி வெடியையே நிறுத்திவிட்டார். பிள்ளைகள் திட்டுவார்கள். சிரித்துக்கொள்வார்.

2. சென்ற தை மாதம் சீமைக் கருவேலத்தை அகற்ற ஒப்பந்தக்காரர் ஒருவர் ஆட்களை அனுப்பினார். நாட்டு மரங்கள் தப்ப வேண்டும் என்று வீரம்மாள் ஒவ்வொன்றிலும் மஞ்சள் துணி கட்டினார். மஞ்சள் துணி கட்டினால் அது சாமி மரம். எங்கள் ஊரில் ஆட்டுக்குக்கூட அதில் தழை ஒடிக்க மாட்டார்கள். வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்கு அடையாளம் போட்ட மரம் வெட்ட வேண்டிய மரம். துணி கட்டியதையெல்லாம் வெட்டினார்கள். சீமைக் கருவேலம் இன்றும் நிற்கிறது.

3. நாங்கள் ஓடியபோது பாதி விழுந்திருந்தது. இறகு முளைக்காத குஞ்சுகள் சேற்றில் கிடந்தன. அவற்றை மிதித்துக்கொண்டே கிளை கழித்தார்கள். வீரம்மாள் மேற்பார்வையாளர் மகேஷின் காலில் விழுந்து, துணி எதற்கென்று சொன்னார். தெரிந்த பிறகாவது நிறுத்தியிருக்கலாம். “தாலி இல்லாத கெழவி மரத்துக்குத் தாலி கட்டியிருக்கு பாருங்கடா” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். “மிச்சத்தையும் சாச்சுடுங்க, ஆத்தாவுக்கு வெறகு ஆவும்” என்றார். சாய்த்தார்கள். கடைசி மரத்தை வீரம்மாள் கட்டிப் பிடித்துக்கொண்டார். கோடரி வெட்டில் தெறித்த மரச் சிராய் அவர் வலது கண்ணில் பாய்ந்தது. இடது கண் முன்பே மங்கல்.

4. வழக்கு இப்போது வீரம்மாள் மீதுதான். துணி கட்டி ஆட்களைத் தவறான மரங்களை வெட்ட வைத்தாராம், வேலையையும் தடுத்தாராம். புகார் கொடுத்தவர் மகேஷ். அடுத்த வாரம் ஜெயங்கொண்டம் கோர்ட்டுக்கு வரச் சொல்லித் தாள் வந்தது. வகுப்புப் புத்தகம் தவிர நான் முழுதாகப் படித்த முதல் தாள் அது. வீரம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். “நா வளத்தத நானே வெட்டுனேன்னா போட்டுருக்கு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “தட்டுத் தடுமாறாம படிக்கிறீங்கண்ணே” என்றார்.

5. ஐயா ஒருமுறை ஏரிக்கு வர வேண்டும். வெட்டிய அடிக்கட்டைகளில் துணி அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்து, வழக்கை நீக்கவும், மகேஷ் மீது நடவடிக்கை எடுக்கவும், வீரம்மாள் கண்ணுக்கு வைத்தியம் செய்யவும் உத்தரவிட வேண்டுகிறேன்.

பதிலைப் பெரிய எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அவருக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும். கெட்ட செய்தியாக இருந்தால் எழுத்து கூட்ட வரவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் எனக்கு நன்றாகப் படிக்க வரும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இடம்: மேலக்கொல்லை
நாள்: பங்குனி 9

பணிவுடன்,
(கையொப்பம், கைநாட்டு அல்ல)
ரா. பூமாலை