தென்பக்கம் யாருக்கு

யஸ்து நகரிலிருந்து

அன்புத் தம்பி ஈரஜுக்கு, அண்ணன் ஹூஷங் எழுதுவது. தப்ரீஸில் நீயும் பிள்ளைகளும் நலம் என்று நம்புகிறேன்.

முக்கியமான முடிவு ஒன்றை உனக்கு முறைப்படி அறிவிக்க வேண்டியிருக்கிறது. நீண்ட ஆலோசனைக்குப் பின், மேசை மின்விசிறி ஒன்று வாங்குவதென்று தீர்மானித்திருக்கிறோம். ஆலோசித்தவர்கள் நானும் உன் அண்ணி தூரானும். கொள்ளுத்தாத்தா கூரைமேல் கோபுரம் கட்டி, மேலே வீசும் காற்றைத் தென்பக்கக் கூடத்துக்குள் இறக்கிக் கொடுத்த வீட்டில், முதல் முறையாகக் காற்றைக் கடையில் வாங்குகிறோம்.

குளிருக்கு வடபக்கம், கோடைக்குத் தென்பக்கம் என்று, வெயில் ஏறியதும் கம்பளங்களைச் சுருட்டிக்கொண்டு முற்றத்தைக் கடந்து குடிபோன குடும்பம் நம்முடையது. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, தென்பக்கம் உனக்கு என்றேன். "அண்ணே, நீங்க இருக்க வேண்டிய இடத்துல நான் எப்படி உட்காருவேன்" என்றாய். நான் வற்புறுத்தினேன். நீ மறுத்தாய். மற்றவர் களைத்துப்போகும்வரை மறுப்பதுதான் நம் ஊரில் நாகரிகம். அப்பா நம் இருவரையுமே நன்றாக வளர்த்திருந்தார். நீ தப்ரீஸுக்குப் போய்விட்டாய். அது உன்னுடையது என்று கோடையிலும் நான் கதவைத் திறக்கவில்லை. அது அண்ணனுடையது என்று நீ வரவில்லை.

கூரைக்கு மண்ணும் வைக்கோலும் பூசும் யதுல்லா, கோபுரத்தின் அடியில் விரிசல் இருப்பதாகச் சொன்னது நினைவிருக்கும். தம்பியின் கூரையில் கேட்காமல் கைவைத்தால், அவனுக்குச் செலவழிக்க வக்கில்லை என்று ஊருக்குச் சொன்னதாகும் என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, உனக்கு எழுதினேன். அண்ணன் கூரையைப் பற்றி முடிவு சொல்ல நான் யார், தங்கள் சித்தம் என்று பதில் எழுதினாய். அருமையான கடிதம். தூரானுக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஏங்க, இந்த மரியாதையைக் கொஞ்சம் மண்ணோட குழைச்சுப் பூசச் சொல்லுங்க. ஒழுகாம நிக்குதான்னு பார்ப்போம்" என்றாள்.

நவ்ரோஸ் புத்தாண்டு கழிந்து பெய்த மழையில் கோபுரம் சரிந்து, கூரையோடு கூடத்துக்குள் இறங்கிவிட்டது. நீ சிறுவயதில் மூக்கை அழுத்தி வைத்துப் பார்ப்பாயே, அந்த வண்ணக் கண்ணாடிச் சாளரமும் போயிற்று. யாருக்கும் காயமில்லை; உள்ளே யாராவது இருந்தால்தானே. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், தம்பியுடையது என்று சொன்னேன். அவர்கள் உன் பொருட்டு மிகவும் வருந்தினார்கள்.

இந்தக் கோடைக்கு வா. வடபக்கத்தில் அப்பாவின் அறை இருக்கிறது. இது உபசாரம் இல்லை. உபசாரத்துக்குக் கூப்பிட்டபோதும் இதே வார்த்தைகளில்தான் எழுதினேன். ஆகவே இதை நீ எப்படி நம்புவாய் என்று எனக்குத் தெரியவில்லை. உன் பிள்ளைகளை இறைவன் காக்கட்டும். அவர்கள் இந்த முற்றத்தில் ஒரு முறையாவது ஓடட்டும்.

உன் அண்ணன்,
ஹூஷங்

பின்குறிப்பு: நகராட்சியிலிருந்து வந்து அளந்துவிட்டுப் போனார்கள். தென்பக்கம் காலிமனை என்று பதிவாகியிருக்கிறது.