நாகஜோதியின் மயக்கம்

தம்பிக்கு,

உன் வீட்டில் தங்கிப் பட்டாசு ஆலைக்குப் போகும் என் மகள் நாகஜோதி அங்கே வெடிமருந்து அறையில் மயங்கி விழுந்ததை என்னிடம் மறைத்து, மறுநாளும் அவளை அங்கேயே வேலைக்கு அனுப்பியிருக்கிறாய். அவளுக்குத் தாய்மாமனும் அந்த ஆலையின் போர்மேனுமான நீயே இதைச் செய்தாய். இன்று நீ போனை எடுக்காததால் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன்.

"அது பிரஷர் மாத்திரைதானக்கா, உப்பைக் குறைச்சா சரியாப் போயிரும்" என்று, அவள் சாப்பிடும் மாத்திரையைப் பற்றி நேற்றுப் போனில் கேட்டபோது சிரித்தாய். ஏலே, அவளுக்குப் பிரஷர் ஏறவே இல்லை. பெண்ணாக மாறுவதற்கு மதுரை டாக்டர் கொடுத்த மாத்திரை அது. டாக்டரிடமே கேட்டேன். ஆண் ஹார்மோனை அடக்கும்போது பிரஷரையும் அது இறக்குமாம். இந்த வெயிலில் வியர்த்து, உப்பில்லாத கஞ்சியும் குடித்தால் இன்னும் இறங்குமாம்.

"எந்திரிச்சா கண்ணு இருட்டுதும்மா. கையில வெடிமருந்துத் தட்டு இருக்கையில விழுந்துட்டா?" என்று நாகஜோதி போனில் கேட்கிறாள். அந்த அறையில் அவளோடு இன்னும் மூன்று பெண்கள் இருக்கிறார்கள்.

நாளை நீ அவளை லேபிள் ஒட்ட உட்கார வைக்க வேண்டும். உன் மனைவி கஞ்சிக்கு எப்போதும்போல் உப்புப் போட வேண்டும். நாகஜோதி தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவளை உட்கார வைத்தும் நிற்க வைத்தும் அவர் பிரஷர் பார்க்க வேண்டும். அவரிடம் கூட்டிப்போக நாளை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். அதுவரை அவள் தட்டைத் தூக்காமல் நீ பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போதைக்கு,
உன் அக்கா