வெள்ளை மரையின் பலகை

1962 ஜூன் 3
இன்று "யானை" என்று பிழையில்லாமல் எழுதினேன். மருமகள் இரஞ்சிதம் பார்த்துவிட்டு, "மாமா, உங்கட யானைக்குக் கால் கொஞ்சம் நீளம்" என்றாள். அறுபத்தெட்டு வயதுக்காரன் எழுதின யானை அப்படித்தான் நடக்கும். ஒரு வருசமாய் எழுத்துப் பழக்குகிறவளும் அவள்தான், நான் எழுதுகிற இந்தக் கொப்பியைத் தந்தவளும் அவள்தான்.

ஜூன் 9
மகன் யோகலிங்கம் ஒரு பெட்டிக் கமரா வாங்கி வந்திருக்கிறான். நாளை மூன்று பேரும் வவுனியா போகிறோம். அங்கே சரீப் நானா தன் நெல் ஆலைக்குப் பின்னால் மிருகங்கள் வளர்க்கிறார். கரடி, தேவாங்கு, அழுங்கு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வெள்ளை மரை. மரை என்றால் பெரிய மான் சாதி, மண் நிறம்தான். வெள்ளையாய் ஒன்றை இந்தப் பக்கத்தில் வேறு ஒருவரும் கண்டதில்லை. அதைக் கன்றாய்ப் பிடித்துக் கொடுத்தவன் நான். கூட்டுப் பலகையில் என் பேர் இருக்கிறது. இத்தனை வருசமும் பார்த்தேன். நாளைக்குத்தான் வாசிப்பேன்!

ஜூன் 10
எறும்பு தின்கிற அழுங்கு பந்தாய்ச் சுருண்டு கிடந்தது, முகம் காட்டவில்லை. மகன் யோகன் கமராவை நீட்ட, தேவாங்கு கண்ணை மூடிக்கொண்டது. "தம்பி, அவருக்கு இரவு வேலை. பகலில வந்தா இப்பிடித்தான்" என்றார் நானா. எல்லாரும் சிரித்தோம்.

பிறகு மரைக் கூடு. பலகையில் விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன். "வெள்ளை மரை. தாய் செத்துக் கிடந்த இடத்தில் அநாதையாய் நின்ற கன்று. காப்பாற்றித் தந்தவர் வட்டக்கச்சி மயில்வாகனம்."

விரலை எடுக்க முடியவில்லை.

"அப்பிடியே நில்லுங்கோ ஐயா!" யோகன் படம் எடுத்தான்.

ஜூன் 11
தாய் சாகவில்லை.

ஜூன் 13
எழுதத்தான் வேணும். வேட்டைக்குக் காட்டுக்குள் இறங்க முதல் ஐயனாருக்கு இலைக்குழை முறித்துக் கட்டுவோம். கன்றோடு நிற்கிறதைத் தொடமாட்டோம் என்று சொல்லித்தான் இறங்குவோம். ஐந்து வருசத்துக்கு முந்தி, அன்றைக்கும் கட்டினேன், சொன்னேன். பிறகு அந்த வெள்ளைக் கன்றைக் கண்டேன். "அபூர்வமா ஏதும் கொண்டு வாங்கோ அண்ணை, உங்கட பேரைப் பெயின்ரில எழுதி வைக்கிறன்" என்று நானா சொல்லியிருந்தார். என்ரை பேரை ஒருத்தரும் ஒரு இடத்திலையும் எழுதினதில்லை. எனக்குக் கைநாட்டுத்தான். அதுக்காக—

தாய் மூண்டு நாள் எங்கட வேலிக்கு அங்கால நிண்டு கத்தினது. "அது மடியில பால் கட்டி நிக்குதப்பா, விடுங்கோ" எண்டு என்ரை மனுசி பத்மாசனி கையெடுத்துக் கும்பிட்டவ. நான் தகரம் தட்டித் துரத்தினன். நானாவிட்டை, தாய் செத்துப் போச்சு எண்டன். அடுத்த வருசம் மனுசி கண்ணை மூடிட்டா. அந்தக் கூட்டடிக்கு அவ ஒரு நாளும் வந்ததில்லை.

ஜூன் 24
படம் வந்தது. மரை அசைந்திருக்கிறது. புகை மாதிரி ஒரு வெள்ளை, அவ்வளவுதான். நான் தெளிவு. பலகை என்னைவிடத் தெளிவு. இரஞ்சிதம் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டிவிட்டாள். வருகிறவர்களுக்கெல்லாம் பலகையை வாசித்துக் காட்டுகிறாள். பக்கத்து வளவு ஐயாத்துரை, "புண்ணியம் செய்த கை" என்று என் கையைப் பிடித்தார். இழுத்துக்கொண்டேன்.

ஜூன் 25
எழுத மனமில்லை.

ஜூலை 1
இரஞ்சிதத்திடம் சொன்னேன். படத்தைக் கழற்றினாள். பிறகு, "அங்கை பலகை கிடக்குதே மாமா" என்றாள்.

ஜூலை 8
தனியே வவுனியா போனேன். எல்லாம் சொன்னேன். நானா என்னைக் கூட்டடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பலகையைக் காட்டினார்.

"என்னையும் பொய்யனாக்கிப் போட்டீங்களே அண்ணை. அஞ்சு வருசமா வாற சனத்துக்கெல்லாம் இதைத்தானே சொன்னனான்."

"மரையைத் திறந்து விடுங்கோ நானா."

"ஆளைக் கண்டால் கை நக்க வருகுது. காட்டில விட்டால் முதல் காணுற வேட்டைக்காரன்ர துவக்குக்குச் சாப்பாடு."

அது சரிதான். அதுதான் கொடுமை. இனி அதற்குக் காடும் இல்லை.

உள்ளே போய்ப் பெயின்ரும் தூரிகையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "நீங்களே எழுதுங்கோ."

பழைய எழுத்தை அழித்துவிட்டு மத்தியானம் முழுக்க எழுதினேன். எழுத்தெல்லாம் கோணல். "வெள்ளை மரை. தாய் உயிரோடு நின்றது. கன்றைப் பிடித்தவர் வட்டக்கச்சி மயில்வாகனம்."

காய முதலே ஒரு குடும்பம் பார்க்க வந்தது. அதில் ஒரு பெண் பலகையைச் சத்தமாய் வாசித்தா. மரையைப் பார்த்தா. பிறகு என் பக்கம் திரும்பி, "ஆர் ஐயா இந்த மயில்வாகனம்?" என்று கேட்டா.

"நான்தான் பிள்ளை" என்றேன்.