காய்ச்சல் என்று எழுதினேன்

மார்ச் 4

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

பதறாதே. இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. எழுதுகிற கை தப்பியது. போன புதன்கிழமை தையல் கம்பெனியில், கட்டிங் மேஜையில் துணிச் சுருளைப் புரட்டினேன், அவ்வளவுதான். விழவுமில்லை, இடிக்கவுமில்லை. சுள்ளி போல ஒடிந்துவிட்டது. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, "உங்களுக்குத்தான் அம்பத்தொண்ணு, உங்க எலும்புக்கு எழுபது ஆகுது" என்றார். நாற்பத்திரண்டிலேயே மாதவிலக்கு நின்றுபோனதுதான் வினையாம். ஹார்மோன் மாத்திரை போட்டால் எலும்பு மேலும் கரையாதாம், இந்தப் பாழாய்ப்போன உடம்புக் காந்தலும் அடங்குமாம்.

ஒரு படிவம் தந்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா என்று ஒரு கட்டம். இல்லை என்று போட்டேன். அம்மா எதனால் இறந்தார் என்ற இடத்தில் காய்ச்சல் என்று எழுதினேன். சரிதானே? முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சையெல்லாம் கேட்டு உன் காது ஓய்ந்துவிட்டது, போனில் கேட்கவும் வழியில்லை. சீக்கிரம் எழுது. என் மேஜையை வேறொருத்தியிடம் கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அந்தக் கத்தரிக்கோலை விட்டால் எனக்கு என்ன தெரியும்?

உன் குட்டி


மார்ச் 13

என் குட்டிக்கு,

அக்காவின் ஆசிகள். இங்கே நலத்துக்கு ஒரு குறையும் இல்லை.

கடிதம் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. கனமானதைத் தூக்காதே என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்? பால் குடி. காலை வெயிலில் நட. குளியலறையில் வழுக்காத விரிப்பு போடு.

அந்த மாத்திரை மட்டும் வேண்டாம். எதிர் வீட்டு டீச்சர் போட்டுக்கொண்டு பூசணிக்காய் மாதிரி ஊதிவிட்டாள். தானாக நின்றதை எதற்குக் கிளற வேண்டும்? எலும்புக்கு மட்டும் வேறு மருந்து கேள். பெரியவள் சொல்கிறேன், ஏன் எதற்கு என்று துருவாதே.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நலம்தான். உன்மேல் கோபம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது பூசணிக்காய். சின்ன வயதில் சைக்கிள் வேண்டாம் என்றாய், பிறகு வேலை வேண்டாம் என்றாய். எதற்கும் காரணம் சொன்னதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் உனக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் ஆனபோதுகூட, பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றவளை "வரவே வேண்டாம்" என்று தந்தி மாதிரி இரண்டு வார்த்தையில் நிறுத்தினாய். நானும் நின்றேன்.

இந்த முறை உன் பேச்சைக் கேட்கவில்லை. மாத்திரை தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இரவில் வியர்க்காமல் தூங்குகிறேன். அடுத்த மாதம் மேஜைக்குத் திரும்பலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். தங்கை சந்தோஷமாக இருக்கிறாள் என்று கொஞ்சம் சந்தோஷப்படேன்.

குட்டி


ஏப்ரல் 10

குட்டி,

மாத்திரையை உடனே நிறுத்து என்றும், வேண்டாம், நீயாக நிறுத்தாதே என்றும் மாற்றி மாற்றி எழுதிக் கிழித்துப்போட்டேன். நேராக டாக்டரம்மாவிடம் போ. இந்தக் கடிதத்தையே காட்டு.

அம்மாவுக்கு வந்தது காய்ச்சல் இல்லை. மார்பில் கட்டி. அது புண்ணாகி உடைந்த பிறகுதான் அப்பாவிடமே சொன்னாள். உன்னை நான்கு மாதம் சித்தி வீட்டில் விட்டோமே, அப்போது. உனக்குப் பத்து வயது, எனக்குப் பத்தொன்பது. புண்ணில் கட்டிய துணியை மாற்றியது நான்தான். "வெளியில தெரிஞ்சா ரெண்டு பொண்ணுங்களையும் யாரு கட்டுவா? காய்ச்சல்னு சொல்லு" என்றார் அப்பா. சொன்னேன். சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் எனக்கே அது காய்ச்சலாகிவிட்டது. நம் இருவருக்கும் கல்யாணமாகி, அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் கழித்து எந்த முகத்தோடு சொல்வது என்றே தள்ளிப்போட்டேன்.

இன்னொன்றும் உண்டு. எனக்குப் பித்தப்பையில் கல் எதுவும் இல்லை. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். நீ வந்திருந்தால் பார்த்திருப்பாய். பார்த்தால் அம்மாவைப் பற்றிக் கேட்டிருப்பாய்.

உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு உன்னைக் கிணற்று விளிம்பிலேயே நிற்கவைத்துவிட்டேன். என்னைத் திட்டு. திட்டியாவது எழுது.

அக்கா


மே 6

அக்காவுக்கு,

இருபது நாளாக எழுதவில்லை. வேண்டுமென்றேதான்.

டாக்டரம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். எலும்புக்கு வேறு ஊசி. மார்பைப் படம் எடுத்தார்கள். வலது பக்கத்தில் ஏதோ தெரிகிறது என்று ஊசி குத்திச் சதை எடுத்திருக்கிறார்கள். முடிவு வியாழக்கிழமை. மாத்திரையால் இருக்காது, இது அதற்கு முன்பிருந்தே இருந்திருக்கும், குடும்ப விவரம் தெரிந்திருந்தால் பத்து வருஷமாகவே சோதித்துப் பார்த்திருப்போம் என்றார். அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

காந்தல் திரும்பிவிட்டது. மேஜைக்கு இப்போதைக்குப் போகப்போவதில்லை. என் மகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள். அழட்டும், தெரிந்துகொண்டு அழட்டும்.

உன்னை மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. பத்தொன்பது வயதில் அம்மாவுக்குத் துணி மாற்றியவளை நினைத்தால் ஓடிவந்து கட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. அம்பத்து நாலு வயதில் என்னை வரவேண்டாம் என்றவளை நினைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றுகிறது. இரண்டும் நீதான். என்ன செய்வது?

புதிய படிவம் தந்தார்கள். அம்மா என்று எழுதினேன். அதற்குக் கீழே அக்கா என்று எழுதினேன். நர்ஸ் பார்த்துவிட்டு, "அக்கா இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். மாதம் தவறாமல் உன் கடிதம் வருகிறது, போன கடிதம் தவிர ஒவ்வொன்றிலும் நலம் என்று இருக்கிறது. எனக்குப் பதில் தெரியவில்லை அக்கா. தெரியாது என்றே எழுதச் சொன்னேன்.

வியாழக்கிழமை வருவது எதுவானாலும் அப்படியே எழுதுகிறேன். நீயும் எழுது. நலம் என்று மட்டும் தொடங்காதே.

குட்டி